12 அணி, 6 ஷீட், 11 வாரம்: ஒரு கர்லிங் லீக் நடத்திய கதை

கர்லிங் என்றால் நம்மில் பலருக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நேரத்தில் டிவியில் தட்டுப்படும் ஒரு விநோதம். ஒருவர் ஐஸ் தரையில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு கல்லை விடுவார். இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பம் போட்டுத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். எதிர்முனையில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்துவார். "வீடு பெருக்குவதையெல்லாம் விளையாட்டில் சேர்த்துவிட்டார்களா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கல் விட்டேன். பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அந்த ரோஷத்தில் சேர்ந்தவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

சேர்ந்த மூன்றாவது வருடம் செவ்வாய்க்கிழமை இரவு லீகை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சீசன் முடிவுக் கூட்டத்தில் பழைய ஒருங்கிணைப்பாளர் "அடுத்த வருடம் என்னால் முடியாது" என்று சொன்னபோது எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன். "நீங்கள் எக்செல் நன்றாகப் போடுவீர்களாமே" என்றார் ஒருவர். முடிந்தது கதை. ஒரு நோட்டு, ஒரு கைமணி, பாதி எண்கள் செத்துப்போன ஒரு தொலைபேசிப் பட்டியல், இவ்வளவும் என் கைக்கு வந்தன. இப்போது நான்கு சீசன் ஆகிவிட்டது. இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அதில் நான் செய்த தப்புகளைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். விளையாடும் தளத்துக்கு ஷீட் என்று பெயர். சுமார் 45 மீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் 5 மீட்டர். இரு முனையிலும் 12 அடி விட்டத்தில் வட்டங்கள் வரைந்திருக்கும், அதுதான் ஹவுஸ். கல் ஒவ்வொன்றும் கிரானைட், எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அணிக்கு நான்கு பேர், கல் விடும் வரிசையில்: லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப். ஸ்கிப்தான் அணித் தலைவர். ஆளுக்கு இரண்டு கல், ஆக இரு அணிக்கும் சேர்த்து 16 கல் போனால் ஒரு எண்ட் முடிந்தது. நடுப்புள்ளிக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே அந்த எண்டில் புள்ளி. கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹாமர் என்று பெயர். ஒரு எண்டில் புள்ளி எடுத்தவர்கள் அடுத்த எண்டில் ஹாமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். உலகப் போட்டிகளில் நால்வர் அணிகள் 10 எண்ட் ஆடும், வார லீக்குகளில் பொதுவாக 8. துடைப்பம் எதற்கு என்றால், தேய்க்கும்போது ஐஸின் மேற்பரப்பு துளி சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். நான் சிரித்த விஷயத்துக்குள் இவ்வளவு இருந்தது.

சரி, லீகுக்கு வருவோம்.

முதல் வருடம் 11 அணிகள் பெயர் கொடுத்தன. எங்கள் கிளப்பில் 6 ஷீட். 11 என்பது எவ்வளவு கெட்ட எண் என்று அட்டவணை போட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டும். ஒரு ஷீட் காலியாகக் கிடக்கும். அதைவிட மோசம், சும்மா இருந்த அணிக்குப் பழக்கம் விட்டுப்போகும். "போன வாரம்தான் இல்லை, இந்த வாரமும் போகாவிட்டால் என்ன?" என்று ஒருவருக்குத் தோன்றினால் போதும், நான்கு பேரில் ஓர் ஆள் குறைந்துவிடும்.

பன்னிரண்டாவது அணிக்கு அலைந்தேன். முழு அணி கிடைக்கவே இல்லை. ஆனால் "எனக்கு அணி இல்லை, எங்காவது இடமிருந்தால் சொல்லுங்கள்" என்று தனித்தனியாகக் கேட்டவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரையும் சேர்த்து ஓர் அணியாக்கினேன். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. இரண்டு பேர் அதற்கு முன் கல்லைத் தொட்டதே இல்லை. ஐந்தாவது ஆளைச் சுழற்சியில் உட்காரவைத்தார்கள். முதல் ஐந்து வாரம் தோற்றார்கள், அதில் ஒன்று 11-0. ஆனால் நான்கு வருடத்தில் ஒரு வாரம்கூட ஆள் குறையாத ஒரே அணி அதுதான். நண்பர்களாக வந்து சேர்ந்த அணிகளில் ஒருவர் சலித்தால் நால்வரும் சலித்துப்போகிறார்கள். இவர்களோ விளையாடவென்றே வந்தவர்கள். அதிலிருந்து பெயர் கொடுக்கும் படிவத்தில் "தனி ஆளாகச் சேர விரும்புகிறேன்" என்று ஒரு கட்டம் கட்டாயம் வைக்கிறேன். அணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்வரை அட்டவணையைத் தொடுவதில்லை.

இப்போது அந்த அட்டவணை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மானம் போன இடம் இது.

எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை மோத வேண்டும் என்றால் 12 அணிக்கு 66 ஆட்டம், வாரத்துக்கு 6 ஆட்டம், 11 வாரம். இதற்குப் பழைய சுழல் முறை ஒன்று இருக்கிறது. அணிகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே எழுதுங்கள். முதலில் இருக்கும் அணியை மட்டும் அசையாமல் நிறுத்திவிட்டு, மற்ற பதினொன்றையும் வாரம் ஒரு இடம் கடிகார முள் போலச் சுற்றிவிடுங்கள். எதிரெதிரே நிற்பவர்கள் அந்த வாரம் மோதுவார்கள். பதினோரு வாரத்தில் ஒரு ஜோடிகூட விடுபடாது, ஒன்றுகூட இரட்டிக்காது. அழகான முறை. நான் மேலிருந்து கீழாக வரிசை எண்ணையே ஷீட் எண்ணாகப் போட்டு ஒட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காவது வாரம் ஓர் அணியின் தேர்ட் அட்டவணையின் முன் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி, மிகவும் மரியாதையாக, "உங்கள் அணி மட்டும் ஏன் பதினோரு வாரமும் முதல் ஷீட்டிலேயே ஆடுகிறது?" என்று கேட்டார்.

முறையின் குறை அதுதான். அசையாத அணி முதல் வரிசையிலேயே நிற்கும். மற்ற பதினோரு அணிகளும் முதல் ஷீட்டில் ஒருமுறை, மற்ற ஐந்திலும் இரண்டிரண்டு முறை என்று கச்சிதமாகச் சுற்றிவரும். ஒரே ஒரு அணிதான் மாட்டிக்கொள்ளும். அட்டவணை தட்டும்போது பட்டியலில் என் அணியை முதலில் எழுதியிருந்தேன். சோம்பேறித்தனம், வேறு காரணம் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம்? ஷீட்டுக்கு ஷீட் ஐஸ் வேறு. ஆட்டத்துக்கு முன் ஐஸ்மீது நீர்த்துளிகளைத் தூவுவார்கள், அவை உறைந்து சின்னச் சின்னப் பருக்களாக நிற்கும். கல் அந்தப் பருக்களின் மேல்தான் ஓடும். சுவரோரத்து ஷீட்டுக்கும் நடு ஷீட்டுக்கும் குளிர்ச்சியில் வித்தியாசம் இருக்கும். எங்கேயோ தரை ஒரு நூல் சாய்ந்திருக்கும். முதல் ஷீட்டில் இடப்பக்கம் விட்ட கல் எதிர்பார்த்ததைவிட ஒரு அடி கூடுதலாக வளையும் என்பது நான்கு வாரத்தில் எங்கள் அணிக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எதிரணிக்கு அது தெரிய மூன்று எண்டாவது ஆகும். நாங்கள் அந்த நான்கில் மூன்று ஜெயித்திருந்தோம். யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். முதலில் தோன்றிய வழி, எல்லா ஆட்டங்களையும் வாரத்துக்கு ஒரு ஷீட் தள்ளிவிடுவது. அதுவும் பொறி. ஒரு வரிசையில் அணிகள் கீழே இறங்குகின்றன, எதிர் வரிசையில் மேலே ஏறுகின்றன. வாரம் ஒரு ஷீட் தள்ளினால், ஏறும் வரிசையில் இருப்பவர்கள் ஐந்தாறு வாரம் தொடர்ந்து ஒரே ஷீட்டில் மாட்டுவார்கள். இந்தத் தடவை ஒட்டுவதற்கு முன்பே எண்ணிப் பார்த்தேன், பிழைத்தேன். கடைசியில் செய்தது சாதாரண வேலைதான். மற்றவற்றைத் தொடாமல், எங்கள் ஆட்டத்தை மட்டும் வாரம் ஒரு வேறு ஷீட்டின் ஆட்டத்தோடு இடம் மாற்றினேன். இப்போது அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டமும் ஒட்டுகிறேன்: எந்த அணி எந்த ஷீட்டில் எத்தனை முறை. யாரும் கேட்பதற்கு முன் தெரியட்டும்.

காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 11 வாரம் சுற்று ஆட்டம், அதற்குப் பின் இரண்டு வாரம் நாக் அவுட். முதல் நான்கு அணிகள் ஒரு பிரிவு, அடுத்த நான்கு இன்னொன்று, கடைசி நான்கு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் அரையிறுதி, இறுதி, மூன்றாம் இட ஆட்டம். கணக்குப் போட்டால் இரண்டு வாரமும் ஆறு ஷீட்டும் நிறையும், கடைசி இரவு வரை பன்னிரண்டு அணிக்கும் ஆட்டம் இருக்கும். மேலே உள்ள நான்கு அணிகளுக்கு மட்டும் இறுதிச் சுற்று வைக்கும் லீகுகளில் கடைசி இரண்டு வாரம் கட்டடமே வெறிச்சோடிக் கிடக்கும். பார்த்திருக்கிறேன். இந்த 13 வாரத்துக்கு மேல் ஒரு வாரத்தைக் காலியாக முன்பதிவு செய்து வையுங்கள். இரண்டாவது சீசனில் குளிரூட்டும் இயந்திரம் மதியம் நின்றுபோய், மாலையில் போனால் ஐஸ் மேலே ஈரம் மினுக்கியது. அன்றைக்கு அந்தக் காலி வாரம் இல்லாமல் இருந்திருந்தால் ஆறு ஆட்டங்களையும் வெவ்வேறு நாட்களில் செருக வேண்டியிருக்கும். 48 பேரின் வசதியைக் கேட்டு ஒரு நாள் குறிப்பதைவிடக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது சுலபம்.

கட்டணம்: முதல் கல் விடுவதற்கு முன் முழுதாக வாங்கிவிடுங்கள். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நேரம்தான் அடுத்த பெரிய தலைவலி. எட்டு எண்டுக்கு இரண்டு மணி நேரம். அதாவது எண்டுக்கு 15 நிமிடம், அதற்குள் 16 கல். கல் போய் நிற்பதற்கே அரை நிமிடத்துக்குப் பக்கம் ஆகும். மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் யோசிக்கவும் நடக்கவும் வேண்டும். எங்களுக்குப் பின்னால் இன்னொரு லீக் வரும். இடையில் ஐஸைச் சுரண்டி, பருக்களை மறுபடியும் தூவ வேண்டும். நாங்கள் பத்து நிமிடம் தாமதித்தால் அவர்கள் தேய்ந்துபோன ஐஸில் ஆட வேண்டியதுதான்.

மெதுவாக ஆடுபவர்களை எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் எங்கே நேரம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆடாமல் கடிகாரத்தோடு ஓரமாக நின்றேன். ஸ்கிப் யோசிப்பதில் போகும் நேரம் நினைத்த அளவுக்கு இல்லை. எண்ட் முடிந்ததும் எட்டுப் பேரும் ஹவுஸைச் சுற்றி நின்று பேசுவதில்தான் போகிறது. யார் கல் நெருக்கம் என்று முடிவு செய்ய இரண்டு தேர்டுகள் போதும். அவர்கள் சரி என்றதும் மற்றவர்கள் கற்களை ஒதுக்க, அடுத்த எண்டின் முதல் கல்லை விட வேண்டிய லீட் அதற்குள் ஹாக்கில் (கல் விடக் காலை ஊன்றி உதைக்கும் பிடிமானம்) கால் வைத்துத் தயாராக நிற்க வேண்டும். எதிரணி கல் விடும்போதே உங்கள் கல்லின் அடியைத் துடைத்து வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் முதல் வாரம் வாயால் சொன்னேன், பலனில்லை. இரண்டாம் வாரம் ஒரே ஓர் அணியிடம் "நீங்கள் செய்து காட்டுங்கள்" என்றேன். அவர்கள் மற்றவர்களுக்குக் கால் மணி முன்னதாக முடித்துவிட்டு மேலே மேசையில் உட்கார்ந்து கை காட்டினார்கள். அது வேலை செய்தது.

இருந்தாலும் மணி வேண்டும். ஆட்டம் தொடங்கி ஒரு மணி 45 நிமிடத்தில் அடிப்பேன். மணி அடிக்கும்போது நடக்கிற எண்டை முடிக்கலாம், புதிதாக ஒன்று தொடங்கக் கூடாது. கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! முதல் சீசனின் ஏழாவது வாரம், ஒரு ஷீட்டில் கடைசிக் கல் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது, மணி அடித்துவிட்டேன். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணி "அடுத்த எண்ட் உண்டு" என்றது. முன்னால் இருந்த அணி "இல்லை" என்றது. இரண்டும் என்னைப் பார்த்தன. நான் என்ன சொன்னாலும் ஓர் அணிக்கு எதிராகச் சொன்னதாகத்தான் ஆகும். ஆட்டம் சமன் என்று வைத்துக்கொள்ளலாமே என்று உளறினேன். இரண்டு அணியும் கோபித்துக்கொண்டன. இப்போது எழுதி வைத்திருப்பது: முந்தைய எண்டின் கடைசிக் கல் முழுதாக நின்ற கணத்தில் அடுத்த எண்ட் தொடங்கிவிட்டதாகக் கொள்க. ஒரே வரி. அந்த ஒரு வரி முன்கூட்டியே இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

நான்கு வருடத்தில் எனக்கு உறைத்தது இதுதான். சீசன் தொடங்குமுன் எழுதினால் அது விதி. சண்டை வந்த பிறகு எழுதினால், அதே வரி, அதே சொற்கள், ஆனால் அது யாரோ ஒருவர்மேல் எழுதியதாகிவிடும். இதற்கு நல்ல உதாரணம் ஸ்பேர் விவகாரம்.

ஸ்பேர் என்றால் வர முடியாதவருக்குப் பதிலாக ஆடும் மாற்று ஆள். வார லீகில் எந்த வாரமும் 48 பேரும் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. காய்ச்சல், வேலை, குழந்தைக்குப் பரீட்சை, வெளியூர்ப் பயணம். முதல் வருடம் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் என் அலுவலக மேசையில் போன் நிற்காது. இப்போது விதி, ஆள் தேடுவது ஸ்கிப்பின் வேலை. நான் செய்வது ஒன்றுதான், ஸ்பேர் பட்டியலை உயிரோடு வைத்திருப்பது. மாதம் ஒருமுறை அதில் இருப்பவர்களிடம் "இன்னும் தயாரா?" என்று கேட்டுச் செத்த எண்களை நீக்குவேன். வாட்ஸ்அப் குழு உதவும், ஆனால் நாற்பது பேர் குழுவில் "யாராவது வர முடியுமா?" என்று போட்டால் எல்லோரும் படிப்பார்கள், யாரும் வரமாட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் வருவார். ஆள் கிடைக்காவிட்டால் மூன்று பேராகவும் ஆடலாம். முதல் இருவரும் மூன்று மூன்று கல், ஸ்கிப் இரண்டு, எட்டு கணக்குச் சரியாகிவிடும். ஆட்டத்தை ரத்து செய்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது முதல் சீசனின் அரையிறுதி வந்தது. ஓர் அணியின் ஸ்கிப்புக்கு உடம்பு சரியில்லை. அவர்கள் ஸ்பேராகக் கூட்டி வந்தவர் வேறு லீகில் கோப்பை மேல் கோப்பை வாங்கும் ஆட்டக்காரர். வந்தவர் ஸ்கிப்பாகவே நின்றார். எதிரணியை எட்டு எண்ட் வரைக்கும் விடவில்லை, ஆறாவதிலேயே கைகுலுக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். எந்த விதியையும் அவர்கள் மீறவில்லை, மீற விதியே இல்லை. ஆனால் தோற்ற அணியின் முகத்தை நான் பார்த்தேன். அடுத்த வருடம் "ஸ்பேராக வருபவர் ஸ்கிப்பாக நிற்கக் கூடாது, லீட் அல்லது செகண்ட் இடத்தில்தான் ஆட வேண்டும்; நாக் அவுட்டில் ஓர் அணியில் ஒரு ஸ்பேருக்கு மேல் கூடாது" என்று எழுதினேன். நியாயமான விதிதான். ஆனால் இன்றுவரை அதற்கு அந்த அணியின் பெயரைத்தான் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் செய்த பாவம் ஒன்றும் இல்லை. நான் ஒரு வருடம் முன்னால் எழுதியிருந்தால் அது வெறும் மூன்றாவது விதியாக இருந்திருக்கும்.

அதனால் இப்போது சீசனுக்கு இரண்டு வாரம் முன் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி ஸ்கிப்புகளுக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்குமேல் போனால் யாரும் படிப்பதில்லை. தாமதமாக வந்தால் என்ன என்பது அதில் இருக்கும். பெரிய போட்டிகளில் தொடக்கம் தாமதமானால் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்து ஓர் எண்ட் முடிந்ததாக வைத்துக்கொள்வார்கள், அரை மணி தாண்டினால் ஆட்டமே போய்விடும். எங்கள் விதியும் அதன் சாயல்தான், நேரம் மட்டும் இன்னும் குறைவு. ஹவுஸுக்கு முன்னால் காவலாக நிற்கும் கற்களைப் பற்றிய விதியும் இருக்கும். சர்வதேச ஆட்டங்களில் 2018-19 சீசனிலிருந்து முதல் ஐந்து கல் போகும்வரை எதிரணியின் காவல் கல்லை அடித்து வெளியேற்றக் கூடாது. அதற்கு முன் அது நான்கு கல்லாக இருந்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கு நான்குதான் நாக்கில் வரும், புதியவர்கள் ஐந்து என்பார்கள். நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எதை வைத்திருக்கிறீர்கள் என்று முதல் வாரத்துக்கு முன் சொல்லிவிடுங்கள்.

நடுவர் வைக்க வேண்டுமா என்று புதிதாக லீக் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம். இந்த ஆட்டத்தில் துடைப்பம் ஓடும் கல்லில் பட்டுவிட்டால், பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார். எதிரணி பார்க்கவே இல்லை என்றாலும் சொல்வார். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் எட்டுப் பேரும் ஒருவரோடொருவர் கைகுலுக்குவார்கள். முடிந்தபின் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்காரும். என் முதல் ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தவர்தான் அன்று மேசையில் உட்கார்ந்து நான் ஹாக்கை உதைக்கும் விதத்தில் என்ன தப்பு என்று சொல்லித் தந்தார். நடுவரை நிறுத்தினால் இந்தப் பழக்கம் மெதுவாகச் செத்துப்போகும் என்பது என் எண்ணம்.

புள்ளிப் பட்டியலில் நான் ஒரு கட்சி. வெற்றிக்கு 2, சமனுக்கு 1. வார ஆட்டத்தில் சமனைச் சமனாகவே விட்டுவிடுங்கள், கூடுதல் எண்டுக்கு நேரம் கிடையாது. சம புள்ளியில் இருக்கும் அணிகளைப் பிரிக்கப் பலர் புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். கர்லிங்கில் அது விஷம். இங்கே தோல்வி நிச்சயம் என்று தெரிந்தால் நடுவிலேயே கைகுலுக்கி முடித்துக்கொள்வது மரியாதை. வித்தியாசத்துக்குப் பலன் வைத்தால் 7-1 என்று முன்னிலையில் இருக்கும் அணி, எதிரே இருக்கும் புதியவர்கள் நால்வரையும் மேலும் மேலும் நசுக்கும். தோற்பவர்களும் கைகுலுக்க முடியாது. அந்தத் தனி ஆட்கள் அணி 11-0 வாங்கியது அப்படித்தான், அந்த வருடம் நான் புள்ளி வித்தியாசம் வைத்திருந்தேன். மறுவருடம் மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டுவதற்குப் பதில் அணிக்கு ஒருவர் நடுப்புள்ளியை நோக்கி ஒரு கல் விடுவார். யாருடையது நெருக்கமோ அவர்களுக்கு முதல் எண்டில் ஹாமர். அந்தத் தூரத்தைச் சென்டிமீட்டரில் குறித்து வைக்கிறோம். சீசன் முடிவில் சம புள்ளி வந்தால் முதலில் அவர்கள் இருவருக்குள் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்போம், மூன்று பேர் சிக்கிக்கொண்டால் இந்தத் தூரங்களின் கூட்டுத்தொகை. போன சீசனில் நான்காம் இடத்துக்கு மூன்று அணிகள் மல்லுக்கு நின்றன. நோட்டைத் திறந்து கூட்டினேன், இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. ஒரே நிபந்தனை, அந்தக் கல்லை ஒவ்வொரு வாரமும் வேறு ஆள் விட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிப்பே எல்லா வாரமும் விடுவார்.

புதியவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு கூட்டம் வரும். வருகிற எல்லோரையும் நேராக லீகில் போட்டால் யாராவது விழுவார்கள். இரண்டாவது சீசனில் ஒருவர் விழுந்தார். கல் விடும்போது ஒரு காலில் சறுக்குவதற்கு வழவழப்பான ஸ்லைடர் இருக்கும், மற்ற நேரம் அதன்மேல் ரப்பர் கிரிப்பரை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் கல் விட்ட உற்சாகத்தில் கிரிப்பரை மாட்ட மறந்து எழுந்து நடந்தார். பின்பக்கமாக விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஐஸில் தலை அடிபடாதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து எங்கள் லீகில் முதல் வருட ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம், முதல் வாரத்துக்கு முன் இரண்டு மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். அந்தப் பயிற்சியில் பாதி நேரம் ஐஸ்மேல் ஏறுவது, இறங்குவது, விழப்போனால் எப்படி விழுவது, ஓடும் கல்லை ஒருபோதும் தாண்டக் கூடாது என்பதில்தான் போகும். கல் விடுவது மீதிப் பாதி. வெளியே போட்டு நடந்த செருப்போடு ஐஸில் ஏறக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவோம். ஒரு மணல் துகள், துடைப்பத்தின் ஒரு முடி போதும், 20 கிலோக் கல் வழியில் திக்கி வேறெங்கோ போய்விடும்.

முழங்கால் வலிப்பவர்கள், குனிய முடியாதவர்கள் குச்சியை வைத்து நின்றபடியே கல்லைத் தள்ளி விடலாம். இதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டாம் என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கிறேன். எழுபது தாண்டிய ஒருவர் எங்கள் லீகில் அப்படித்தான் ஆடுகிறார். அவருடைய கல் நடுப்புள்ளியிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றால் முகம் சுளிப்பார்.

போன மாதம் ஐந்தாவது சீசனுக்கான அட்டவணையை ஒட்டினேன். மறுபடியும் 12 அணி, படிவத்தில் தனி ஆட்கள் ஏழு பேர். சுழல் முறையில் அசையாத இடத்தில் இந்தத் தடவை எந்த அணியை நிறுத்துவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன், ஸ்கிப்புகள் முன்னிலையில். என் அணி எட்டாவது. பக்கத்தில் ஷீட் கணக்குக் கட்டம், அதன் கீழே கூட்டுத்தொகை, எல்லாம் பதினொன்று. இருந்தும் போன செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறும்போது பார்த்தேன், அந்தத் தேர்ட் அட்டவணையின் முன் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.